சொந்த மாவட்டம் எது? முதல் சம்பளத்துக்கு அலைந்த கதை

முதல் சம்பளம் ஒருவழியாகப் போன வாரம் கணக்கில் ஏறிவிட்டது. நிலுவையோடு சேர்ந்து வந்ததால் தொகை பெரிதாகத் தெரிகிறது. அதற்குள் வாங்கிய கைமாற்று அதைவிடப் பெரிது. அரசுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள், அதிலும் தென்காசிப் பக்கத்து ஊர்க்காரர்கள், இதை ஒருதடவை படித்துவிட்டு ஆபீஸ் படி ஏறினால் நல்லது.

டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு, நியமனத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு எல்லாம் நீங்களும் தாண்டி வந்ததுதான். எனக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி கிடைத்தது. பணியேற்பு அன்றைக்கே முடிந்தது. அரசு மருத்துவரிடம் தகுதிச் சான்றும் அலைச்சல் இல்லாமல் கிடைத்தது. அதில் ஒன்று மட்டும் கவனியுங்கள். மருத்துவர் அங்க அடையாளம் குறிக்கும்போது உங்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழில் இருக்கிற அதே இரண்டு மச்சங்களைச் சொல்லி எழுத வையுங்கள். கூடச் சேர்ந்த ஒரு டீச்சருக்கு டி.சி.யில் வலது முழங்கை மச்சம், மருத்துவச் சான்றில் நெற்றித் தழும்பு. அவரை ஆபீசில் முழங்கையைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஆதார், பான், வங்கிப் புத்தகம் மூன்றிலும் இனிஷியல் ஒரே மாதிரி விரிந்திருக்கிறதா என்பதையும் சேரும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

எனக்கு வினை வந்தது பணிப்பதிவேட்டில். எஸ்.ஆர். என்கிற அந்தப் பதிவேட்டைத் திறந்தால்தான் களஞ்சியம் என்கிற அரசுச் சம்பள மென்பொருளில் விவரம் ஏறும். ஏறினால்தான் பணியாளர் எண். அது வந்தால்தான் சி.பி.எஸ். எண், அதாவது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்து எண். அதுவும் வந்த பிறகுதான் சம்பளப் பட்டியலில் பெயர். நான் சேர்ந்தபோது, 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் பங்களிப்பு ஓய்வூதியத்தில்தான் சேர வேண்டும் என்று இருந்ததால் அந்த எண் இல்லாமல் எதுவும் நகரவில்லை. இந்த வரிசையில் முதல் படியிலேயே என் பைல் உட்கார்ந்துவிட்டது.

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் எங்கள் பள்ளிக்கான பிரிவு எழுத்தர் எஸ்.ஆர். முதல் பக்கத்தை நிரப்பிக்கொண்டே வந்தார். ஒரு கட்டத்தில் பேனாவை மூடி வைத்தார்.

"டீச்சர், சொந்த மாவட்டம் எது?"

"தென்காசி சார்."

"சாதிச் சான்றுல திருநெல்வேலின்னுல்லா போட்டிருக்கு?"

எங்கள் ஊர் ஆலங்குளம் தாலுகா. நான் சாதிச் சான்று வாங்கியபோது அது திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானபோது ஆலங்குளம், சங்கரன்கோவில், கடையநல்லூர், செங்கோட்டை எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. நாங்கள் வீட்டைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போகவில்லை. மாவட்டம்தான் எங்களை விட்டுவிட்டுப் போனது. அப்புறம் ஆதாரில் முகவரியைப் புதுப்பித்தபோது தென்காசி என்று வந்தது. இதையெல்லாம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி டீச்சர். தென்காசி மாவட்டம்னு புதுசா ஒரு சான்று வாங்கிட்டு வந்துருங்க. பத்து நிமிச வேலை" என்றார்.

இந்தப் 'பத்து நிமிச வேலை' என்று எந்த ஆபீசில் யார் சொன்னாலும் உஷாராகிவிடுங்கள்.

ஊருக்குப் போனேன். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். வி.ஏ.ஓ. மீட்டிங் போயிருப்பதாகத் தலையாரி சொன்னார். அடுத்த முறை போனபோதும் மீட்டிங்தான். கடைசியில் விண்ணப்பமே, ஏற்கெனவே சான்று வழங்கப்பட்டிருக்கிறது என்று திரும்பி வந்தது. தாலுகா ஆபீசில் போய் நின்றேன். அங்கே இருந்த அம்மா என் சான்றை வாங்கி, அதிலிருந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, இது நிரந்தரச் சான்று. மாவட்டம் பிரிஞ்சா சாதியுமா பிரியும்? இதையே குடும்மா, செல்லும்."

அதையே வந்து சொன்னேன். "அப்ப அதை அவங்களை எழுதித் தரச் சொல்லுங்க" என்றார் எழுத்தர். தாலுகாவில், "உங்க ஆபீஸ்ல இருந்து லெட்டர் போட்டுக் கேட்டா பதில் தருவோம். தனியாளுக்கு அப்படித் தர்ற வழக்கம் இல்லை" என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. இங்கே வந்து கேட்டால், "நாங்க எதுக்கு லெட்டர் போடணும்? சான்று உங்களுதுதானே டீச்சர்?" இப்படியே போய்க்கொண்டிருந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதுதான் இத்தனை அலைச்சலிலும் கிடைத்த ஒரே மிச்சம். ஆலங்குளம் போகிற புறநகர் வண்டிக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

ஈராசிரியர் பள்ளியில் ஒரு டீச்சர் ஆபீசுக்குப் போனால் என்ன ஆகும் என்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐந்து வகுப்பும் தலைமை ஆசிரியரான எச்.எம். டீச்சர் தலையில் விழும். அவங்களுக்கு அது போக காலை உணவுக் கணக்கு, மதிய உணவுக் கணக்கு, செயலியில் வருகைப் பதிவு. எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுவாகப் பிரித்து உட்கார வைத்திருப்பேன். நான் திரும்பி வரும்போது மூன்றும் கலந்து கிடக்கும். மொட்டுக்கு இப்போதுதான் ஏறியிருந்த ஒரு பையன், நான் கைப்பையோடு வாசலுக்குப் போனாலே, "டீச்சர், இன்னைக்கும் ஆபீஸா?" என்பான். கிண்டலா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியாத முகம் அவனுக்கு. அவன் அம்மா பீடி சுற்றுகிறவர். கம்பெனியில் கூலி தள்ளிப்போனால் அவரும் இப்படித்தான் நடப்பாராம். "டீச்சருக்குமா சம்பளம் போடல?" என்று ஒருநாள் வாசலில் வைத்தே கேட்டுவிட்டார்.

ஊரில் வேறு தொல்லை. கவர்மென்ட் வேலை கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, "மொத சம்பளம் வாங்கியாச்சா?" என்பார்கள். இல்லை என்றால் நம்பமாட்டார்கள். அடிப்படைச் சம்பளம் 20,600 என்று எங்கள் சித்தப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பார்த்தேன். சங்கரன்கோவில்காரப் பெண் ஒருவர் வேறு வட்டாரத்தில் சேர்ந்திருந்தார். அவரிடம் இந்தக் கேள்வியையே யாரும் கேட்கவில்லை. செங்கோட்டைக்காரர் ஒருவரை நோட்டரியிடம் போய் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதே சான்று, அதே மாவட்டப் பிரிவினை, ஆபீசுக்கு ஆபீஸ் ஒரு சட்டம்.

வழி காட்டியது எச்.எம். டீச்சர்தான். ஒருநாள் சாயங்காலம் பிள்ளைகள் போனபிறகு சொன்னாங்க. "அவரு வாயால சொல்லுதது எதுவும் நாளைக்கு நிக்காது டீச்சர். நீங்களும் வாயாலயே பதில் சொல்லிட்டு வாறீங்க. ஒரு விண்ணப்பம் எழுதுங்க. எழுதி அவரு கையில கொடுக்காதீங்க, ஆபீஸ் தபால் பிரிவுல கொடுங்க."

அவங்களே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இன்ன தேதியில் பணியேற்றேன், இன்னின்ன ஆவணங்களைக் கொடுத்தேன், பணிப்பதிவேடு இன்னும் தொடங்கப்படவில்லை. என் ஆவணங்களில் குறை ஏதும் இருந்தால் அதை எழுத்துமூலம் தெரிவித்தால் சரிசெய்து தருகிறேன். தென்காசி மாவட்டம் 2019-ல்தான் உருவானது, என் சான்று அதற்கு முந்தையது. அவ்வளவுதான். குற்றம் சொல்கிற மாதிரி ஒரு வார்த்தை கூடாது, எழுத்தர் பெயரோ பிரிவோ வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாங்க. நான் முதலில் எழுதியிருந்த 'மன உளைச்சல்' என்ற சொல்லை அடித்துவிட்டு, "இது ஆபீஸ் பேப்பர், உங்க டைரி இல்ல" என்றாங்க.

தபால் பிரிவில் இருந்த அக்கா விண்ணப்பத்தை வாங்கிப் பதிவேட்டில் எண் போட்டாங்க. நகலில் முத்திரை கேட்டபோது கொஞ்சம் தயங்கினாங்க. மைப்பெட்டி காய்ந்துபோயிருந்தது. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து இரண்டு சொட்டு விட்டு, முத்திரையை அதில் அழுத்தித் தேய்த்து, பழைய செய்தித்தாளில் ஒருமுறை குத்திப் பார்த்துவிட்டு என் நகலில் வைத்தாங்க. தேதியில் பாதி கலங்கியிருந்தது. பேனாவால் மேலே எழுதிச் சுருக்கொப்பம் போட்டுத் தந்தாங்க.

தபாலில் கொடுத்தால் என்ன வித்தியாசம் என்றால், அது எழுத்தரின் மேசைக்கு வருவதற்கு முன்னால் அலுவலரின் மேசைக்குப் போகும். என் விண்ணப்பத்தின் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதி எழுத்தருக்கு அனுப்பியிருந்தார் ஆபீசர். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த தடவை நான் போனபோது எழுத்தர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க டீச்சர்" என்றார். எஸ்.ஆரை எடுத்தார். சொந்த மாவட்டம் என்ற இடத்தில் 'தென்காசி (முன்னர் திருநெல்வேலி)' என்று எழுதினார். ஓர் அடைப்புக்குறிக்குள் முடிந்துவிட்டது எல்லாம்.

எழுதிக்கொண்டே, "நாளைக்குத் தணிக்கைல எங்கிட்டதான டீச்சர் கேப்பாங்க" என்றார். அந்தப் பயம் பொய்யில்லை. காலியாகக் கிடக்கிற பணியிடங்களின் வேலையையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் அவர், அவர் மேசையில் அடுக்கியிருந்த பைல்களை நானே பார்த்தேன். ஆனால் அவருடைய தணிக்கைப் பயத்துக்கு என் சம்பளத்தையா ஈடு வைப்பது? முதல் நாளே ஒரு தாளில் குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருந்தால் அவருக்கும் பாதுகாப்பு, எனக்கும் விடுதலை.

அதற்குப் பிறகு பணியாளர் எண்ணும் சி.பி.எஸ். எண்ணும் மளமளவென்று வந்தன. ஆனால் அதற்குள் அந்த மாதப் பட்டியல் கருவூலத்துக்குப் போய்விட்டதால் இன்னொரு மாதம் சும்மா போனது. நிலுவைக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். அதிலும் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் சி.பி.எஸ்.ஸுக்குப் பிடித்தம் போனது. கையில் வருவது நீங்கள் மனதில் போட்ட கணக்கைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதை நம்பி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். எஸ்.ஆர். முதல் பக்கத்தை எழுதியதும் செல்போனில் ஒரு படம் எடுத்துக் கொள்ளுங்கள். பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, முற்பகலா பிற்பகலா என்பது வரைக்கும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். அவசரப்படுத்துவார்கள், படியுங்கள்.

அடுத்தது உண்மைத்தன்மைச் சான்று, அதாவது நாம் கொடுத்த சான்றிதழ்கள் போலி இல்லை என்பதற்கான சான்று. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டயம் எல்லாவற்றுக்கும் வாங்கி வைத்தால்தான் தகுதிகாண் பருவம் முடிக்கும்போது இடிக்காது. எச்.எம். டீச்சர் நேற்று முகப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாங்க. இன்று காலை தபாலில் கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கியாச்சு. மைப்பெட்டி புதுசு, தேதி பளிச்சென்று விழுந்திருக்கிறது.