ஒரு நாளைக்கு 700 மில்லி

2019 டிசம்பர் 31 இரவு ஆராதனையின் முடிவில் புது வருடத்துக்கு ஆளுக்கொரு வேத வசனம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகள் வைத்த தட்டு எங்கள் வரிசைக்கு வந்தது. அத்தான் கையை விட்டு ஒன்றை எடுத்தார். ஏசாயா 43:2. 'நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்.' வாசித்துவிட்டு என் பக்கம் குனிந்து, "கடக்கத்தான் விடுதாரு, குடிக்க விடமாட்டேங்காரே" என்றார். கோயிலுக்குள் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்போது அவருக்கு டயாலிசிஸ் தொடங்கி ஐந்து மாதம். வயது 44. மோட்டார் காயில் கட்டும் சின்னக் கடை வைத்திருந்தார். கால் வீங்குகிறதே என்று ரத்தம் பார்க்கப் போனோம், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் 11 என்று வந்தது. பல வருடமாகக் கவனிக்காமல் விட்ட பிரஷர் இரண்டு சிறுநீரகத்தையும் முடித்திருந்தது. முதலில் கழுத்தில் குழாய். அப்புறம் இடது கையில் சிரையையும் தமனியையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்டார்கள். அது பருத்து ஊசி தாங்கும் அளவுக்கு வர இரண்டு மாதம் ஆனது. அதுவரை ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இருப்பார். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது.

திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நாசரேத் பக்கம் எங்கள் ஊர். திருநெல்வேலிக்குப் போக 40 கிலோமீட்டர், வர 40. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இல்லாவிட்டால் மூன்றாவது மாதமே கடையை விற்றிருப்போம். வருட வருமானம் அப்போதைய வரம்பான 72,000 ரூபாய்க்குள் என்ற சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு தூத்துக்குடி கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் அட்டை வாங்கியது தனிக் கதை. டயாலிசிஸ் தேவைப்படும் வீட்டில் யாராவது இதை வாசித்தால், அந்த அட்டையை முதல் வாரமே வாங்கிவிடுங்கள்.

ஆனால் உண்மையான பாடு தண்ணீர்தான். சிறுநீர் போகும் அளவோடு அரை லிட்டர் சேர்த்துக் குடிக்கலாம் என்றார் டாக்டர். அத்தானுக்கு அது 700 மில்லி என்று வந்தது. காப்பி, ரசம், கஞ்சி, மாத்திரைக்குக் குடிக்கும் வாய் எல்லாம் அதில் அடக்கம். பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வைத்தேன். பனங்காட்டு ஊரில் பிறந்தவருக்குப் பதநீர் இல்லை, இளநீர் இல்லை, வாழைப்பழம் இல்லை. எல்லாம் பொட்டாசியம், இதயத்தை நிறுத்திவிடும் என்பார்கள். காய்கறியைக்கூட நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைப்பேன். திருவிருந்தில் கொடுக்கும் ஒரு வாய் திராட்சரசத்தைக்கூட அவர் கணக்கில் எழுதுவார். இதில் கொடுமை என்னவென்றால், ஒரு முறை டயாலிசிஸ் செய்ய அந்த மெஷின் வழியாக ஏறக்குறைய 120 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது. மோட்டார்காரர் அல்லவா, முதல் நாளே நிமிடத்துக்கு எத்தனை மில்லி என்று கேட்டுக் கணக்குப் போட்டுவிட்டார்.

2020 பிப்ரவரியில் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனோம். ஆசைதான், வேறென்ன சொல்ல. ஜெபித்த ஊழியக்காரர், "மெஷினை நம்பாதே, கர்த்தரை நம்பு" என்று சொல்லிவிட்டார். அந்தத் திங்கட்கிழமை அத்தான் போகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் என் விசுவாசம் குறைவு என்று ஆகிவிடுமோ என்ற பயம். ராத்திரி பதினொரு மணிக்கு அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்தார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. காரில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூச்சுக்கு ஒரு சொல்லாக, "தண்ணியத்தான்... கடக்கோம்" என்றார். நான் சிரிக்கவில்லை. அவசரமாக மெஷினில் போட்டு நான்கு லிட்டர் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு சில வாரம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. பதின்மூன்று வருடம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவள் நான். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்கிற 13-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். அடுத்த வசனங்களுக்குப் போகமாட்டேன். குருவானவர் ஐயா ஒரு நாள் டயாலிசிஸ் வார்டுக்கே வந்தார். நான் கோபமாகக் கேட்டேன், "உமது உண்மை பெரிதாயிருக்கிறதுன்னு பாடுறோமே ஐயா, எங்கே?" அவர் பிரசங்கம் பண்ணவில்லை. அந்த வசனம் புலம்பல் புத்தகத்தில் இருக்கிறது, எருசலேம் இடிந்து கிடக்கும்போது அழுதவன் சொன்னது என்றார். அந்த 'உண்மை'க்கு எபிரெயத்தில் 'எமூனா' என்று வார்த்தையாம், 'ஆமென்' வருகிற அதே வேர். அமலேக்கியரோடு நடந்த யுத்தத்தில் மோசேயின் கைகள் சூரியன் மறையும்வரை அசையாமல் நின்றன என்று யாத்திராகமத்தில் வருகிறதே, அங்கேயும் அதே சொல்தான் என்றார்.

மோசேயின் கைகள் தானாக நிற்கவில்லை. அது ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். ஒரு பக்கம் ஆரோன், மறுபக்கம் 'ஊர்' என்பவர் தாங்கிப் பிடித்தார்கள், உட்கார ஒரு கல். நான் திரும்பி அத்தானின் இடது கையைப் பார்த்தேன். இரண்டு ஊசியோடு நான்கு மணி நேரம் மடக்காமல் நீட்டி வைத்திருக்கும் கை. காலில் தசை இழுக்கும்போது நான் ஓடிப்போய் அமுக்குவேன், நர்ஸ் பிள்ளை கையை அசையாமல் பிடித்துக்கொள்ளும். இதையா கேட்டுக்கொண்டிருந்தோம் என்று ஒரு பக்கம் எரிச்சல்தான் வந்தது. ஆனால் அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை.

அடுத்த மாதம் ஊரடங்கு. 2020 மார்ச் 25, புதன்கிழமை, அவருடைய நாள். பஸ் இல்லை, ரயில் இல்லை. முந்தின ராத்திரியே பக்கத்துத் தெருவில் குட்டியானை வண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். "வாழைத்தார் ஏத்திட்டுப் போறேன், அதுக்குத் தடையில்ல. காலையில நாலு மணிக்கு ரெடியா இருங்க." முன் சீட்டில் அத்தான், பின்னால் தார்களுக்கு நடுவில் நான். அவருக்கு ஆகவே ஆகாத பழம்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. செய்துங்கநல்லூர் தாண்டும்போது விடிந்தது. பஸ் ஓடத் தொடங்கும்வரை ஒரு முறைகூடத் தவறவில்லை. டீசலுக்காவது வாங்குங்கள் என்றால் நெற்றி விபூதியைத் தொட்டுக்கொண்டு, "முத்துமாலையம்மன் கணக்குல எழுதிக்கிடுவா" என்பார். எங்கள் கணக்கில் அவர், மோசேயின் கையைத் தாங்கிய அந்த 'ஊர்' என்ற பெயரில்தான் இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னதில்லை.

சுகம் கிடைக்கவில்லை. சிறுநீரகம் கொடுக்க என் ரத்த வகை சேரவில்லை, அத்தைக்கு வயதாகிவிட்டது. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்கான அரசுப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாத ஜெபம் அது. நமக்குக் கிடைக்க வேண்டுமென்றால் இன்னொரு வீட்டில் அழுகை விழ வேண்டும். அதனால் அந்த இடத்தில் வந்ததும் பேசாமல் இருந்துவிடுவேன்.

வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில்தான் நீண்ட இடைவெளி. அதனால் ஞாயிறு ராத்திரிதான் எங்களுக்குக் கனமான ராத்திரி. நேற்றும் படுக்கும் முன் பாட்டிலைப் பார்த்தேன், கடைசிக் கோட்டுக்குக் கீழே இரண்டு வாய் மிச்சம் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு அவருடைய இடது கையில் உள்ளங்கையை வைத்தேன். ஃபிஸ்டுலா ஓடுகிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பூனை உறுமுகிற மாதிரி விர்ரென்று இருக்க வேண்டும்.

"ஓடுதா?" என்றார்.

"ஓடுது. தூங்குங்க, நாலு மணிக்கு எழும்பணும்."

"அந்த ரெண்டு வாய எடு, குடிச்சிட்டுப் படுக்கேன்."