பெக்கானும் ஒக்டோபரும்

ஒக்டோபர் 6, திங்கள்

போயா விடுமுறை. ஹூஸ்டனில் இன்று வேலை நாள்தான், ஆனாலும் அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

பெக்கான் பருப்பு மட்டும் வந்து சேர்ந்தது. பையின் மேல் அக்காவின் கையெழுத்தில் "நவம்பர்" என்று இருக்கிறது. போன வருஷம் பின்வளவில் பொறுக்கி, உடைத்து, ஃப்ரீசரில் போட்டு வைத்தது. அப்போது அவளால் குனிந்து பொறுக்க முடிந்தது. பெக்கானில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் கொழுப்பு. வெக்கையில் கிடந்தால் காறிவிடும். விமானத்தில் வந்ததால் பயந்து பயந்து ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். காறவில்லை. இனிப்புத்தான். உடனே ஃப்ரீசரில் வைத்தேன்.

ஒக்டோபர் 8, புதன்

நாலில் ஒன்று.

ஒக்டோபர் 9, வியாழன்

அக்காவின் கேக் குறிப்பில் பட்டரும் கிரீம் சீஸும் "ரூம் டெம்பரேச்சரில்" இருக்க வேண்டும் என்று இருக்கிறது. எந்த ரூம்? குறிப்பு எழுதுகிறவர்கள் நினைப்பது 20, 21 டிகிரி. வெள்ளவத்தையில் என் குசினி பின்னேரம் 30 டிகிரி. பட்டர் உருகத் தொடங்குவதே 32க்குக் கிட்டத்தான். எடுத்து வைத்துவிட்டு வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் தட்டில் குளம். அந்தக் குளத்தோடு கிரீம் சீஸையும் ஐசிங் சீனியையும் சேர்த்து அடித்தால் பூச்சு எங்கே நிற்கும்? சீனி சீஸிலிருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும், அடிக்க அடிக்க இளகும். டப்பாவில் வரும் சீஸ் சரிவராது, அதில் தண்ணீர் கூட. கட்டியாக வருவதுதான் வேண்டும், 226 கிராமில் இரண்டு. காலி வீதியில் ஒரு கடையில் இருந்தது. விலையைப் பார்க்காமல் எடுத்தேன்.

அக்காவின் வீட்டில் இந்தக் கேக் மேசையில் நாள் முழுக்க நிமிர்ந்து நின்றது. இங்கேயும் நிற்க வேண்டும். ஏன் இதிலேயே இவ்வளவு பிடிவாதம் என்று தெரியவில்லை, ஆனால் நிற்க வேண்டும்.

ஒக்டோபர் 11, சனி

பின்னேரம் இடி. 3 மணிக்குக் கரண்ட் போனது. முதல் தட்டு கேக் உள்ளே இருந்தது, நடு அமுங்கிவிட்டது. அம்மா அதையும் தேத்தண்ணியோடு சாப்பிட்டா.

இருட்டில் போனை வைத்துக்கொண்டு பெக்கானைப் பற்றியே வாசித்துக்கொண்டிருந்தேன். டெக்சாஸின் மாநில மரமாம், 1919இலிருந்து. லூசியானாவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் அடிமையாக இருந்த அன்ட்வான் என்ற தோட்டக்காரர்தான் 1840களில் பெக்கானை முதன்முதலில் ஒழுங்காக ஒட்டுக் கட்டிப் பிடிக்க வைத்தவர். அதற்கு முன் எத்தனையோ பேருக்குப் பிடிக்கவில்லை. 1876இல் பிலடெல்பியாக் கண்காட்சியில் அந்தப் பருப்புக்குப் பரிசு கிடைத்தது. அவருடைய முழுப்பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. கரண்ட் வந்த பிறகும் அந்த மனிதரையே நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்டிய கொப்பு இன்னொரு மரத்தில் உயிர் பிடிக்கும் என்று எதை நம்பிக் கட்டியிருப்பார்?

ஒக்டோபர் 14, செவ்வாய்

"கஜு காணாதோ? ஆருக்கடி இந்தக் கேக்?" என்று அம்மா கேட்டா.

லவ் கேக்குக்குக் கஜுதான் சரி, ரவையும் பூசணி தோசியும் ரோஸ் எசன்ஸும் அதற்குத்தான் பொருந்தும். இதற்குப் பெக்கான்தான். "அக்காவின் பிறந்தநாளுக்கு அம்மா" என்றேன். அவவின் முகம் மலர்ந்ததை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

ஒக்டோபர் 16, வியாழன்

கன்னத்துக்குள் தேய்த்த பஞ்சுக்குச்சி இவ்வளவு நாளாக எங்கே கிடக்கிறது?

ஒக்டோபர் 18, சனி

நின்றது!

விடியற்காலையில் அடித்தேன், குசினியில் காற்று இருந்தது. பட்டரையும் ஐசிங் சீனியையும் முதலில் தனியாக, வெள்ளை நிறம் வரும்வரை. கிரீம் சீஸை ஃபிரிட்ஜிலிருந்து நேரே எடுத்து, குளிரோடு, துண்டு துண்டாகக் கடைசியில் போட்டேன். கிண்ணத்தின் கீழே ஐஸ் தண்ணீர். கட்டி கரைந்தவுடன் மெஷினை நிறுத்திவிட்டேன். கரண்டியைத் தூக்கினால் மூக்கு மாதிரி நிமிர்ந்து நின்றது, வளையவில்லை.

பெக்கானை 175 டிகிரியில் 8 நிமிடம் வறுத்தேன். மணம் மாடிப்படி வரை போனது. மோருக்குப் பதிலாகப் பாலில் தேசிக்காய்ப்புளி விட்டுத் திரைய வைத்ததும் சரியாகத்தான் இருந்தது. வீடியோவில் காட்டினேன். அக்கா போனைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "பக்கத்துக்கு மெல்லிசாப் பூசு, ஃபிரிட்ஜில வைச்செடுத்துப்போட்டு ரெண்டாந்தரம் பூசு, அப்பதான் தூள் பிரளாது" என்றாள். குரல் பழைய குரல். எவ்வளவு சந்தோஷம்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டில் வெடி. இன்று கதைக்க முடியவில்லை, அவளுக்குக் காய்ச்சல்.

ஒக்டோபர் 22, புதன்

பாதி பொருந்தினாலும் இப்போது எலும்பு மச்சை மாற்றுகிறார்களாம், அத்தான் சொன்னார். ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை என்று அவரோடு சத்தம் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முழுதாகப் பொருந்த வேண்டும். பாதி எனக்குப் போதாது. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே அறையில் வளர்ந்தோம், பிறகென்ன நாலில் ஒன்று?

பெக்கான் மரம் ஒரு வருஷம் கொட்டும், அடுத்த வருஷம் ஓயும். போன வருஷம் கொட்டிய வருஷம். வரும் வருஷமும் கொட்டும், அதை யார் பொறுக்குவது?

பிறகு அத்தானுக்கு எடுத்துக் கதைத்தேன். அவரும் பாவம்.

ஒக்டோபர் 24, வெள்ளி

மூன்று அடுக்கும் விடிய எழும்பிச் சுட்டு, ஆற வைத்து, சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. நாளை பின்னேரம் 5.30க்கு எடுப்பாள், அங்கே காலை 7 மணி. பூச்சு விடியவே முடிந்துவிட வேண்டும். மேலே பெக்கானை முழுசாக வைப்பேன், நொறுக்கியதைப் பக்கங்களுக்கு.

அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டுதான் வருவாள். அம்மா கேட்டால் குளிர் என்று சொல்லச் சொன்னாள். ஒக்டோபரில் ஹூஸ்டனில் என்ன குளிர்? அம்மாவைக் கேக்குக்கு இந்தப் பக்கம் இருத்தி, போனைக் கொஞ்சம் தூரத்தில் வைக்க வேண்டும். கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுக்கப் போவதில்லை.

அத்தானிடமிருந்து மிஸ்ட் கோல் ஒன்று இருக்கிறது. இப்போது அங்கே விடிய நாலு மணி கூட ஆகவில்லை. எடுக்கிறேன்.