பற்று: வெயில் குடித்தது

மாதம் பிறந்தால் முதல் வாரத்தில் எனக்கு ஒரு எக்செல் ஷீட் வேலை உண்டு. கொலராடோவில் கிரீலிக்குத் தெற்கே, சவுத் பிளாட் ஆற்றங்கரையில் ஒரு சரளைக் குவாரி. அதன் தண்ணீர்க் கணக்கை எழுதுவது நான். போனில் அம்மாவிடம் சொன்னபோது, "கல்லு வெட்டற எடத்துல தண்ணிக்கு என்னடா கணக்கு?" என்றார்.

இங்கே ஆற்றோரம் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று கண்டுவிடும். நல்ல சரளை அதற்கும் கீழே கிடக்கிறது. தோண்டத் தோண்டக் குழி குளமாகிவிடும். யாரும் மோட்டார் போட்டு இறைக்கவில்லை. ஆனால் மண்ணுக்கடியில் நிழலில் ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த தண்ணீர் இப்போது வெயிலில் கிடந்து வற்றுகிறது. அதனால் சட்டத்தின் கண்ணில் அந்தக் குழி ஒரு கிணறு. 1988-இல் மாநில உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. மறு வருடமே வந்த சட்டம், 1980 கடைசிக்குப் பிறகு நிலத்தடித் தண்ணீரை வெளியே தெரியத் திறந்த குழிகள் எல்லாம் ஆவியாகும் நீரை ஆற்றுக்கு ஈடுகட்ட வேண்டும் என்றது.

திருவாரூர்ப் பக்கம் வளர்ந்தவனுக்கு இந்த ஊர் ஆற்று முறை பிடிபடவே ஒரு வருடம் ஆனது. நமக்குத் தலைமடைக்காரன் ராஜா, கடைமடைக்காரன் பாவம். இங்கே மடை எங்கே இருக்கிறது என்பது பேச்சே இல்லை, தேதிதான் பேச்சு. கடைமடைக்காரனின் உரிமை 1870-களில் வாங்கியதாக இருந்து அவனுக்குத் தண்ணீர் பற்றவில்லை என்றால், மேலே 1900-இல் வந்தவன் தன் மடையை அடைக்க வேண்டும். எங்கள் குழி தொண்ணூறுகளில் வந்தது. வரிசையில் நாங்கள் கடைசி ஆள்.

சரி, வெயில் குடித்ததை எப்படி அளப்பது? இந்தப் பக்கம் திறந்த நீர்ப்பரப்பில் வருடத்துக்குச் சுமார் 45 அங்குலம் ஆவியாகிறது. அதை மாதவாரியாகப் பிரிக்க ஒரு அட்டவணை உண்டு: ஜனவரிக்கு 3 சதவீதம், ஜூலைக்கு 15. இதில் மழையைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். குழி வருவதற்கு முன் அங்கே புல் இருந்தது. பெய்த மழையில் பெரும்பகுதியை அந்தப் புல்லே குடித்திருக்கும், ஆற்றுக்கு விட்டிருக்காது. அந்தப் பங்கு எங்களுக்கு வரவு. எல்லாம் போக, 14 ஏக்கர் குளத்தில் ஜூலையில் மட்டும் ஆறரை ஏக்கர்-அடி போய்விடும். ஏக்கர்-அடி என்றால் ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர். ஆறரை என்பது நம் கணக்கில் 80 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் அறுநூற்று அறுபது நடைக்கு மேல்.

அப்புறம் சில்லறைச் செலவுகள். கழுவிய சரளை லாரியில் ஏறும்போது எடையில் 4 சதவீதம் தண்ணீரும் கூடவே ஏறிப் போகிறது. ஒரு லட்சம் டன் விற்றால் கிட்டத்தட்ட மூன்று ஏக்கர்-அடி. ரோட்டில் புழுதி அடங்கத் தெளிக்கும் லாரியும் உண்டு. அதன் டிரைவர் எத்தனை நடை அடித்தார் என்பதை டாஷ்போர்டில் ஒட்டிய அட்டையில் நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று போட்டு வைத்திருப்பார். காப்பிக் கறை படிந்த அந்த அட்டையை மாதக் கடைசியில் போட்டோ எடுத்துக்கொள்வேன். என் கணக்கில் நான் முழுசாக நம்பும் ஒரே எண் அதுதான்.

ஏனென்றால் என் எண்ணையே நம்ப முடியாமல் போனது. மார்ச்சில் சர்வே எடுத்தபோது குளம் 14 ஏக்கர். அதையே ஆகஸ்ட் வரை ஷீட்டில் இழுத்துக்கொண்டு வந்தேன். கோடை முழுக்க எக்ஸ்கவேட்டர் வடக்குக் கரையைத் தின்றுகொண்டிருந்ததை நேரில் பார்த்தவன்தான் நான். பார்த்தது ஷீட்டுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் அதிகாரி பிக்கப்பில் வந்து இறங்கி, குளத்து நடுவே நின்ற வேலிக்கம்பம் ஒன்றைக் காட்டி, இது போன வருடம் கரையில் அல்லவா இருந்தது என்று மெதுவாகக் கேட்டார். திரும்ப அளந்தால் 16.4. கிட்டத்தட்ட மூன்று ஏக்கர்-அடி குறைவாக எழுதியிருக்கிறேன்.

திருத்துவதும் லேசில்லை. ஜூலையில் குளத்தில் போன தண்ணீர் ஜூலையிலேயே ஆற்றில் குறையாது. மண்ணின் தன்மையையும் ஆற்றுக்கு உள்ள தூரத்தையும் பொறுத்து அந்தக் குறை மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் போய்ச் சேரும். 1954-இல் குளோவர் என்ற பொறியாளர் கொடுத்த சமன்பாட்டை வைத்து இன்றும் அதைக் கணக்கிடுகிறோம். நாளைக்கே குவாரியை மூடினாலும் பழைய பாக்கி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மூன்று ஏக்கர்-அடியை மாதவாரியாகப் பிரித்து, ஒரு நகராட்சியிடம் குத்தகைக்கு எடுத்திருக்கும் சுத்திகரித்த கழிவுநீரில் கூடுதலாகக் கேட்டு வாங்கி ஆற்றில் விட வைத்தோம். முதலாளி ஒன்றும் திட்டவில்லை. பில்லை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது நானே வாரம் ஒருமுறை கரையைச் சுற்றி நடக்கிறேன், பனிக்காலத்திலும். குளம் முழுக்க உறைந்திருக்கும் நாட்களுக்கு ஆவியாதல் பூஜ்யம் என்று போடலாம். முழுக்க என்பதுதான் சிக்கல். போன பிப்ரவரியில் போனேன். கரையெல்லாம் வெள்ளை, நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு ஓட்டை. முந்நூறு கனடா வாத்துகள் அதில் நீந்தி நீந்தி உறைய விடாமல் வைத்திருந்தன. கூட வந்த தெளிப்பு லாரி டிரைவர், துரத்திவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தேதியையும், உறையாத நாள் என்பதையும் குறித்துக்கொண்டு, ஷீட்டில் அந்த நாளின் பங்கைப் பற்றில் ஏற்றினேன்.