தண்ணிக்குள்ள ஹொக்கி, ஆர் வாறியள்?

பகிடி இல்லை, உண்மையாவே அப்பிடி ஒரு விளையாட்டு இருக்கு. 1954ல இங்கிலாந்தில சுழியோடுற ஆக்கள் குளிர்காலத்தில சும்மா இருக்கேலாமல் நீச்சல் தடாகத்துக்க துடங்கினது, 1980ல கனடாவில வன்கூவரில உலகப்போட்டியே வச்சிட்டினம். பக்கத்துக்கு ஆறு பேர், கையில ஒரு அடி நீளமான மட்டை, பந்துக்குப் பதிலா தடாகத்தின்ர அடித்தரையில உரஞ்சி ஓடுற ஈயத் தட்டு (பக்), கிட்டத்தட்ட 1.3 கிலோ. சிலிண்டர் ஒண்டும் இல்லை, மூச்சை அடக்கித்தான் இறங்கோணும், அதால ஆரும் தனிய வெட்டியாடேலாது, மூச்சு முடிய முதல் பக்கத்தில நிக்கிறவனுக்குக் குடுத்தே ஆகோணும் (எங்கட பெடியளுக்கு இதுதான் கஷ்டம் 😄).

இஞ்ச இதைத் துடங்கிறதில பிரச்சினை என்னெண்டால் கரையில நிக்கிற சனத்துக்கு நுரையும் காலடியும்தான் தெரியும், பிறகு ஸ்பொன்சரிட்ட என்னத்தைக் காட்டிக் காசு கேக்கிறது? எனக்கெண்டால் நோட்டீஸ், பனர் எல்லாம் பிறகு, முதல்ல தண்ணிக்க கமரா வச்சு மேல பெரிய ஸ்கிரீன்ல விடோணும்.

கீரிமலைக் கேணியில பாயிற ஆக்கள், வல்வெட்டித்துறைப் பக்கம் கடலோட வளந்த ஆக்கள், பொம்பிளைப் பிள்ளையளும்தான், விருப்பமெண்டால் இன்பொக்ஸ் வாங்கோ. ரண்டு மீற்றராவது ஆழமுள்ள தடாகம் ஒண்டு ஆருக்கும் எடுத்துத் தரேலுமெண்டாலும் சொல்லுங்கோ. அதுக்கிடையில ஆர்வக்கோளாறில தனியக் கிணத்துக்க இறங்கி மூச்சடக்கிப் பழகிப்போடாதேங்கோ, ஆபத்து.