கிளட்ச் கவரில் ஒரு விரிசல்

பைக் வலப்பக்கம் சாய்ந்து விழுந்ததில் பிரேக் பெடல் உள்ளே மடங்கிக் கிளட்ச் கவரைக் குத்திவிட்டது. எஞ்சினின் பக்கவாட்டில் கிளட்சை மூடியிருக்கும் வார்ப்பு அலுமினிய மூடி அது. ஓட்டை விழவில்லை, மெல்லிய கோடுதான். ஆனால் எஞ்சின் சூடானதும் அந்தக் கோட்டில் ஆயில் முத்து முத்தாகத் துளிர்க்கிறது. தயாரிப்பு நின்றுபோன மாடல் என்பதால் புதுக் கவர் கிடைக்கவில்லை.

வெல்டிங் வைத்தால் என்ன என்று கேட்காதவர் இல்லை. மின்பொறியால் உருக்கி ஒட்டும் டிக் (TIG) வெல்டிங்கில் கை தேர்ந்தவர் இருந்தால் வைக்கலாம். வீட்டு டார்ச்சை வைத்துக்கொண்டு அதற்கு ஆசைப்படக் கூடாது. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும், வார்ப்புக் கலவை அதற்கும் முன்பே. மேலே படிந்திருக்கும் ஆக்சைடு தோல் உருகவோ 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். இரும்பைப் போலச் சிவந்து காட்டவும் செய்யாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று இறங்கிவிடும். அதனால் எபாக்ஸி, அதாவது இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் பசை என்று முடிவு செய்தேன்.

கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இருக்காது. அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, கழற்றக் கழற்ற அந்தந்த இடத்தில் குத்தி வைத்துக்கொண்டேன்.

இந்த வேலையில் பசை பூசுவது கால்வாசிகூட இல்லை. ஆயிலை வெளியேற்றுவதுதான் வேலை. வார்ப்பு அலுமினியத்தில் நுண்ணிய துளைகள் உண்டு. வருடக்கணக்கில் ஆயில் குடித்த உலோகம் அது. அசிட்டோனால் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் காட்டினால் விரிசலுக்குள்ளிருந்து பழுப்பாக மறுபடி கசியும். ஆறவிட்டுத் துடை, மறுபடி சூடாக்கு. வெள்ளைத் துணியில் கறை படிவது நிற்கும் வரை இதேதான். சூடான கவரில் அசிட்டோனைக் கொண்டுபோகாதீர்கள், பற்றிக்கொள்ளும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். அதன் மிச்சம் சூடேறினால் நச்சு வாயு வரும்.

அடுத்தது விரிசலின் முனை. சாக்பீஸ் பொடியை ஸ்பிரிட்டில் குழைத்து வெளிப்பக்கம் பூசிக் காயவிட்டு, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவினேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பூச்சில் ஈரக்கோடு ஒன்று ஓடியது, கண்ணுக்குத் தெரிந்ததைவிட ஒரு விரல்கடை நீளமாக! கண்ணை நம்பியிருந்தால் பூச்சுக்கு அப்பால் விரிசல் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். இரண்டு முனையிலும் 2 மி.மீ. துளை போட்டேன். கூர்முனை வட்டமாகிவிட்டால் விசை ஒரே புள்ளியில் குவியாது, விரிசல் அங்கேயே நிற்கும். பிறகு கோட்டின் மேல் வி வடிவப் பள்ளம், பாதி கனம் வரை மட்டும்.

ராவும் முன் ஒன்று: சில கேஸிங்குகள் மெக்னீசியக் கலவை. அதன் தூள் தீப்பிடிக்கும். சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்துப் பொங்கினால் மெக்னீசியம்.

உள்பக்கமும் பூச வேண்டும், ஆனால் அங்கே கிளட்ச் சுழல்கிறது. களிமண் உருண்டையை ஒட்டிக் கவரை மூடித் திறந்து, நசுங்கிய கனத்தை அளந்தேன். பூச்சு அதில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

மண்ணெண்ணெய் பட்டதால் மறுபடி ஒரு சுற்றுச் சூடும் துடைப்பும். அப்புறம் 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்த கையோடு பசை. தாமதித்தால் ஆக்சைடு மறுபடி படிந்துவிடும். முதல் பூச்சை மெல்லியதாகப் பள்ளத்துக்குள் அழுத்தித் தேய்த்தேன், அதன் மேல்தான் கனமான பூச்சு. ஆயில் 100 டிகிரியைத் தாண்டக்கூடியது என்பதால் 150-க்கு மேல் தாங்கும் எபாக்ஸிதான் உதவும். கையில் ஒட்டாத பதம் வந்ததும் மாட்டிவிடத் தோன்றும். ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள்.

பேரிங் உட்காரும் இடத்திலோ, எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கும் காதிலோ விரிசல் என்றால் இதெல்லாம் உதவாது. அங்கே விழும் பாரத்தைப் பசை தாங்காது.

சாம்பல் நிறப் பூச்சு கவரில் தனியாகத் தெரிகிறது. பெயின்ட் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கப் போவதில்லை, ஆயில் கசிந்தால் உடனே கண்ணில் பட வேண்டுமே.