வெறும் பை எத்தனை கிராம்?

பை வாங்கப் போகிறேன், எது நல்லது என்று ஆபீசில் யாராவது கேட்டால் நான் முதலில் கேட்பது, வெறும் பை எத்தனை கிராம் என்றுதான். பிராண்டு, துணி, எத்தனை அறை, மழைக்குத் தாங்குமா எல்லாம் அப்புறம். வேலை பெங்களூரில், வீடு தூத்துக்குடியிலோ மதுரையிலோ, அவ்வப்போது விமானம், மற்ற நாளெல்லாம் மெட்ரோ, ஸ்கூட்டர், ஆபீஸ் என்று ஓடுகிற ஆளுக்கு இரண்டு பை தேவையில்லை, ஒன்றே போதும். ஆனால் நீடித்து உழைக்க வேண்டும் என்கிற ஆசையில் கனமான பையாக வாங்கிவிட்டால் விமானத்துக்கு அது உதவாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்நாட்டு விமானத்தில் எக்கானமி டிக்கெட்டுக்குக் கையோடு கொண்டுபோக 7 கிலோ. கம்பெனி கொடுத்த லேப்டாப், அதோடு வரும் செங்கல் மாதிரி சார்ஜர், மவுஸ் எல்லாம் சேர்ந்து இரண்டேகால் கிலோ சுலபமாக வந்துவிடும். பை ஒன்றரைக் கிலோ என்றால் துணிமணிக்கு மிச்சம் மூன்றேகால் கிலோதான். ஒரு ஜீன்ஸே அறுநூறு, எழுநூறு கிராம் இருக்கும். தொள்ளாயிரம் கிராம் பையாக எடுத்தால் அந்த ஜீன்ஸ் இலவசமாக வந்த மாதிரி. போகும்போதாவது பரவாயில்லை, திரும்பி வரும்போது வீட்டில் கட்டித் தருகிற இட்லிப் பொடி, முறுக்கு வகையறாவுக்கும் இதே 7 கிலோவில்தான் இடம் தேட வேண்டும். (மிளகாய் ஊறுகாயைக் கைப்பையில் விட மாட்டார்கள், அந்த வாக்குவாதத்தைச் செக்யூரிட்டியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.)

இணையத்தில் ஆயுசுக்கும் உழைக்கும் என்று கொண்டாடப்படுகிற பைகளில் பல அமெரிக்கப் பைகள். கோரக் ஒரு உதாரணம், ராணுவத்தில் சிறப்புப் படையில் இருந்தவர் தொடங்கிய கம்பெனி, கார்டூரா என்கிற முரட்டு நைலான் துணியில், அதுவும் 1000 டீனியர் தடிமனில் (டீனியர் என்ன என்று கீழே சொல்கிறேன்), பாறை மாதிரி தைத்திருப்பார்கள். அடித்து நொறுக்கினாலும் ஒன்றும் ஆகாது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே பெரிய விமானக் கம்பெனிகள் உள்நாட்டுப் பயணத்தில் கைப்பைக்கு எடை வரம்பே வைப்பதில்லை, அளவு சரியாக இருந்தால் போதும். அந்த ஊர்க்காரர் 'கனம் ஒரு விஷயமே இல்லை' என்று எழுதுவது அவர் ஊருக்குச் சரி. அதைப் படித்துவிட்டு, சுங்கமும் கட்டி, இறக்குமதி செய்து, கடைசியில் கவுன்டர் தராசு முன்னால் நின்று ஸ்வெட்டரை எடுத்து உடம்பில் போட்டுக்கொள்வதில் என்ன இருக்கிறது? லைஃப்டைம் கேரண்டியும் அப்படித்தான். பையைக் கடல் தாண்டி அனுப்பித்தான் சரிசெய்ய வேண்டும் என்றால் அந்தக் கேரண்டியை விடச் சிவாஜிநகரில் பை தைக்கிறவர் எனக்கு மேல்.

அடுத்தது அளவு. இண்டிகோவில் 55, 35, 25 சென்டிமீட்டர். ஏர் இந்தியாவில் 55, 40, 20. இரண்டிலும் சிக்கலில்லாமல் போக வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் சின்னதை எடுத்துக்கொள்ள வேண்டும்: 55, 35, 20. பெருக்கிப் பார்த்தால் 38 லிட்டர் சொச்சம், அதுவும் பை செவ்வகப் பெட்டியாக இருந்தால். ஆகவே 'கேபின் பேக், 40 லிட்டர்' என்று போட்டு விற்பதெல்லாம் எல்லா விமானத்துக்கும் பொருந்தும் என்று நம்ப வேண்டாம். உயரமும் அகலமும் பெரும்பாலும் சரியாக இருக்கும், மாட்டிவிடுவது தடிமன்தான், அதாவது முதுகிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிற அந்தப் பக்கம். வெறும் பையை அளந்துதான் அளவு போடுகிறார்கள். முன் பாக்கெட்டில் சார்ஜரையும் பக்கத்தில் பாட்டிலையும் திணித்த பிறகு 20 என்பது 26 ஆகிவிடும். என் கணக்கில் 24லிருந்து 28 லிட்டர் போதும். இரண்டு மூன்று நாள் துணி, லேப்டாப், குளியல் சாமான் அடங்கும். அதற்கு மேல் தேவைப்படுகிற பயணத்துக்கு டிராலிதான், அத்தனையையும் இந்தப் பையில் அடைக்கப் பார்க்க வேண்டாம்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. பெங்களூரிலிருந்து தூத்துக்குடி, சேலம் மாதிரி ஊர்களுக்குப் போவது பெரும்பாலும் ஏடிஆர், அந்த விசிறி வைத்த சின்ன விமானம். தலைக்கு மேலே இருக்கும் அறை ஏர்பஸ்ஸில் இருப்பதில் பாதி ஆழம் போலத் தோன்றும், டிராலி அதில் நுழையாது. படிக்கட்டு அருகிலேயே வாங்கிக் கீழே சரக்கு அறையில் போட்டுவிடுவார்கள். வளைந்துகொடுக்கிற மெல்லிய பை என்றால் மேலேயோ, முன் சீட்டுக்கு அடியிலோ தள்ளிவிடலாம். ஒருவேளை ஊழியர்கள் இந்தப் பையையும் கேட்டு வாங்கினால், பவர் பேங்கை வெளியே எடுக்காமல் கொடுக்கக் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் அணைக்கலாம், சரக்கு அறையில் கிட்டப் போய் அணைக்க ஆளில்லை, அதனால்தான் அதைக் கையோடு மட்டும் விடுகிறார்கள். 100 வாட்-அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) வரைக்கும் தனி அனுமதி வேண்டியதில்லை. நாம் எல்லாரும் வைத்திருக்கிற 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-அவர்தான். அதை அடியில் புதைக்காமல் மேல் பாக்கெட்டில் வைக்கத் தோதான பையா என்று கடையிலேயே பாருங்கள். பின்னால் வரிசை நிற்கும்போது படிக்கட்டில் உட்கார்ந்து ஜட்டி பனியனையெல்லாம் வெளியே எடுப்பது சங்கடம்.

கண்ணை உறுத்தாத பை வேண்டும் என்று நான் சொல்வதற்கு அழகுணர்ச்சி காரணமில்லை. முதுகோடு ஒட்டிக் கிடக்கிற கருப்புப் பையை யாரும் தராசுக்குக் கூப்பிடுவது குறைவு. பிதுங்கி நிற்கிற பைதான் ஊழியர் கண்ணில் முதலில் படும். மெட்ரோவில் மெஜஸ்டிக்கில் மாறுகிற நேரத்தில் பையைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ள வேண்டும், தொப்பை மாதிரி நீண்டால் நமக்கும் கஷ்டம், எதிரில் நிற்கிறவருக்கும் கஷ்டம். வாயு வஜ்ரா பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே விமான நிலையம் வரை போகலாம். ஸ்கூட்டரில் காலடியில் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று கம்பெனி கொடுத்த பையும் இதையெல்லாம் செய்யும்தான், பெங்களூரில் பாதிப் பேர் முதுகில் அதுதான் இருக்கிறது, ஆனால் எந்தக் கம்பெனி, உள்ளே லேப்டாப் இருக்கிறது என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு போகிற சமாச்சாரம் எனக்குப் பிடிக்கவில்லை. ராணுவப் பச்சை, நாலாப்பக்கமும் நாடா தொங்குகிற ரகமும் வேண்டாம். அந்த நாடா நுனிகள் ஸ்கேனர் உருளைக்குள் போய் மாட்டும். தினம் இரண்டு தடவை மெட்ரோ ஸ்கேனரில் போய் வருகிற பைக்கு இது சின்ன விஷயமில்லை.

இனி துணி. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுதான் டீனியர். 1000 டீனியர் என்றால் ஒன்பது கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ. நூல் எவ்வளவு பருமன் என்று மட்டும்தான் இந்த எண் சொல்லும், நைலானா பாலியஸ்டரா என்று சொல்லாது. ஆன்லைனில் '1680 டீனியர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைத் திறந்து பார்த்தால் பல நேரம் பாலியஸ்டராக இருக்கும். பை விளம்பரங்களில் வருகிற பாலிஸ்டிக் நைலான் என்பதற்கு இரண்டாம் உலகப்போர் வரை போகிற கதை உண்டு, விமானப்படையினர் போட்ட கவச அங்கிக்காக டுபான்ட் என்கிற அமெரிக்கக் கம்பெனி செய்தது, குண்டுச் சிதறலைத் தடுக்க. நம் பைமேல் யாரும் குண்டு போடப்போவதில்லை. தரையில் உரசுவதற்கு 400, 500 டீனியர் நைலானே தாராளம், அடிப்பாகம் மட்டும் இரட்டைத் துணியாக இருந்தால் இன்னும் நல்லது. 1000 டீனியர் கார்டூராவில் ஒரு தொந்தரவும் இருக்கிறது: சொரசொரப்பு. தினம் மாட்டினால் காட்டன் சட்டையின் முதுகில் நூல் பிரிந்து பிசிர் எழும்பிவிடும்.

துணி கிழிந்து பை செத்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. அதை விட உள்பூச்சு உதிர்வது அதிகம். தண்ணீர் இறங்காமல் இருக்க உள்ளே பாலியூரித்தேன் பூசியிருப்பார்கள், காற்றின் ஈரம் பட்டுப்பட்டு அது சிதைந்து, முதலில் பிசுபிசுக்கும், ஒரு மாதிரி புளித்த வாடை வரும், அப்புறம் வெள்ளைச் செதிலாக லேப்டாப் மேலெல்லாம் ஒட்டும். வாஷிங் மெஷினில் போட்டால் இன்னும் சீக்கிரம். பீரோ மேல் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்த பைக்கும் இதே கதிதான், அடிக்கடி வெளியே எடுத்துக் காற்றாட வைக்க வேண்டும்.

ஆனால் பெரும்பாலான பைகள் சாவது ஜிப்பில். கடையில் நான் அதிக நேரம் செலவழிப்பதும் அங்கேதான். ரன்னரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் பல நேரம் எண் பொறித்திருக்கும்: 3, 5, 8, 10. மூடிய ஜிப்பின் பல்வரிசை ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் அகலம். பெரிய அறைக்கு 8 அல்லது 10 இருக்க வேண்டும், சின்ன பாக்கெட்டுக்கு 5 போதும். பெரிய அறைக்கே 5 போட்டிருந்தால், மற்றதெல்லாம் எவ்வளவு ஜோராக இருந்தாலும் நான் வைத்துவிடுவேன். ஒய்கேகே என்று இருந்தால் நல்லது, 1934இலிருந்து ஜிப் செய்கிற ஜப்பான்காரர்கள், ஆனால் தொங்குகிற இழுப்பானில் மட்டும் பேர் போட்டுவிட்டு ரன்னர் வேறாக இருக்கும் போலிகளும் உண்டு, ரன்னரின் உடம்பையே பாருங்கள். பிளாஸ்டிக் காயில் ஜிப்தான், அதாவது தனித்தனிப் பல்லுக்குப் பதில் சுருள் இழை வைத்ததுதான், பைக்குத் தோது. உலோகப் பல் ஒன்று விழுந்தால் முழு ஜிப்பையும் மாற்ற வேண்டும், காயிலில் பல் தனியாக விழாது. மூடின பிறகும் பின்னாலேயே வாய் பிளக்கிறது என்றால் பெரும்பாலும் பல்லில் கோளாறு இருக்காது, ரன்னர் தேய்ந்து அகன்றிருக்கும். குறடால் இரண்டு ஓரத்தையும் லேசாக அமுக்கினால் கொஞ்ச காலம் ஓடும், அப்புறம் ரன்னரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சிவாஜிநகர், அல்சூர் பக்கம் இந்த வேலை செய்கிறவர்களிடம் தமிழிலேயே பேசி, நின்ற இடத்தில் முடித்துக்கொண்டு வரலாம். மழைக்கென்று ரப்பர் பூசிய ஜிப் ஒன்று வருகிறது, பார்க்கப் பளபளப்பாக இருக்கும், இழுக்க முரடு, வளைகிற மூலையில் பூச்சு உரியும், பேய்மழைக்குத் தண்ணீரும் இறங்கும். அதற்குச் சாதாரண ஜிப்பும் ஒரு மழை உறையும் மேல்.

அடுத்துத் தோள்பட்டை. பட்டை மேலே பையோடு சேரும் இடத்தைக் கையால் தூக்கிப் பாருங்கள். நெருக்கமாகக் குறுக்கே ஓடுகிற பார்டேக் தையல் இருக்கிறதா, நாடா தையலுக்குள் ஆழமாகப் போகிறதா, அல்லது ஓரத்தை மட்டும் கவ்விக்கொண்டிருக்கிறதா? உள்பக்கத்தில் தையல் ஓரமெல்லாம் நாடா வைத்து மூடியிருக்க வேண்டும். திறந்து கிடந்தால் துணி பிசிர் பிசிராக வந்து ஒருநாள் தையலே விட்டுவிடும். லேப்டாப் அறைக்குள் கையை விட்டு அடியைத் தொட்டுப் பாருங்கள், அது பையின் அடிவரை போகாமல் இரண்டு விரற்கடையாவது மேலேயே நிற்க வேண்டும். இல்லையென்றால் பையைத் தரையில் வைக்கிற ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பின் மூலைதான் இடிபடும்.

இதையெல்லாம் படம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, அதனால் நேரில் போய் வாங்குங்கள். டெக்கத்லானுக்கு இந்தியாவில் முதல் கடையே சர்ஜாப்பூர் ரோட்டில்தான், வைல்ட்கிராஃப்டும் இந்த ஊர்க் கம்பெனி, கமர்ஷியல் தெருப் பக்கம் பெயர் தெரியாத பைகளிலும் நல்ல தையல் மாட்டும். உங்கள் லேப்டாப்பையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு போய், உள்ளே போட்டு, மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நாலு சுற்று நடங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். மூவாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்குள் எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடுகிறது.

வெளியே யூஎஸ்பி ஓட்டை வைத்த பைகளைத் தவிர்த்துவிடுங்கள், உள்ளே ஓடுகிற அந்த ஒயர் ஒரு தொல்லை, ஓட்டை வழியாக மழையும் இறங்கும். நம்பர் பூட்டும் வேண்டாம். உள்துணி சாம்பலோ ஆரஞ்சோ ஏதாவது வெளிர் நிறமாக இருந்தால் கருப்புப் பைக்குள் கருப்பு ஒயரைத் தேடுகிற வேலை மிச்சம். பக்கவாட்டு பாட்டில் பாக்கெட் மட்டும் கட்டாயம், அதுவும் ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் குனிந்தாலும் விழாத ஆழத்தில். காலி பாட்டிலோடு செக்யூரிட்டி தாண்டி உள்ளே நிரப்பிக்கொண்டால் தண்ணீர்க் காசு மிச்சம், எடை போடுகிற நேரத்தில் ஒரு கிலோவும் மிச்சம்.