கைக்கெட்டும் வழக்கேடு

காலையில் கடமைக்காக எடுத்துப் பார்த்த வழக்கேட்டை, அலுவல் முடிந்தபின் ஆய்வுக்காக எடுத்துப் பார்க்க ஓர் ஊழியருக்கு உரிமை கிடையாது. திருகோணமலையில் நீதிமன்றப் பதிவறையிலோ நன்னடத்தை அலுவலகத்திலோ வேலை செய்துகொண்டே குற்றவியல் நீதி பற்றிய பட்ட ஆய்வைச் செய்யும் மாணவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். ஏடு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அனுமதியும் கையில் இருப்பதாக எண்ணிவிடுகிறார்கள். எழுத்துமூல அனுமதி வருமுன் குறித்துக்கொண்ட தரவு எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் அதைக் கைவிடத்தான் வேண்டும்.

விண்ணப்பத்தைப் பதிவாளர் ஊடாக நீதவானுக்கு அனுப்புங்கள். எந்த ஆண்டு, எந்த வகை வழக்கு, எத்தனை ஏடு, ஏட்டின் எந்தப் பக்கங்கள், குறிப்புகள் யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்ற ஆறும் அதில் இருக்க வேண்டும். "ஆய்வுக்கு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று மட்டும் எழுதிய கடிதத்துக்கு ஆம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வராது. மொத்த எண்ணிக்கைகள் போதுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். முடிவு சொல்ல 14 வேலை நாட்கள், தருவதென்று முடிவானால் மேலும் 14 நாட்கள். பன்னிரண்டு வார ஆய்வில் இது பெரிய துண்டு. முதல் வாரமே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

"வழக்குகள் ஏன் இழுபடுகின்றன?" என்ற கேள்வியை ஒரு மாணவர் தனியே தூக்க முடியாது. "முடிவடைந்த வழக்குகளில் விளக்கத் தவணைகள், அதாவது வழக்காடக் குறித்த நாட்கள், எந்தக் காரணங்களால் தள்ளிப்போயின?" என்று கேட்டால் அளக்கலாம். முடிவடைந்த வழக்குகள் 480 என்று வைத்துக்கொள்வோம். எட்டுக்கு ஒன்றாக எடுத்தால் 60 ஏடுகள். ஏடொன்றுக்கு 25 நிமிடம் என்றால் 25 மணித்தியாலம். வேலை நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒதுக்க முடியாதவருக்கு அது ஐந்து வாரம். முழு வருடத்திலிருந்தும் எடுப்பது இந்த மாவட்டத்தில் கட்டாயம். நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்து வாடி (கரையோரத் தற்காலிகக் குடில்) போடும் மீனவர்கள் வடகீழ்ப் பருவக்காற்றுத் தொடங்கும்போது ஊர் திரும்பிவிடுவார்கள். ஆனி, ஆடி மாதத் தவணைகளை மட்டும் எண்ணினால், சாட்சியான மீனவர் இந்த மாவட்டத்தில் இல்லாத காலம் கணக்கிலேயே வராது.

ஏட்டைத் திறந்தபின் கண் வைக்க வேண்டிய இடம் ஒவ்வொரு தவணையின் கீழும் எழுதப்படும் குறிப்பு. "சாட்சி சமூகமில்லை. மறு தவணை" என்று ஒரு வரி இருக்கும். இதை அப்படியே "சாட்சி வராமை" என்ற நிரலில் போடுவது மிகப் பெரிய பிழை. ஏட்டில் அழைப்பாணை பற்றிய பொலிஸ் அறிக்கையைத் தேடுங்கள். "விலாசத்தில் வசிப்பதில்லை" என்று திரும்பியிருக்கலாம். சேர்ப்பித்த அறிக்கையே வராமல் இருக்கலாம். கையொப்பமிட்டு ஏற்றவர் வராமல் விட்டிருக்கலாம். ஒரே வரிக்குப் பின்னால் மூன்று வேறு காரணங்கள். முதலாவது விலாசக் குறை, இரண்டாவது அலுவலகக் குறை, மூன்றாவது மட்டுமே சாட்சியின் முடிவு. இந்த மூன்றையும் பிரிக்காத ஆய்வு, பஸ்ஸேறி வரமுடியாத ஏழைச் சாட்சியின் தலையில் எல்லாப் பழியையும் போட்டுவிடும். அது அநியாயம்.

போதைப்பொருள் வழக்குகளில் இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கைக்காகக் காத்திருக்கும் தவணைகளுக்குத் தனி நிரல் வேண்டும். காரணமே எழுதப்படாமல் திகதி மட்டும் உள்ள தவணைக்கும் ஒரு நிரல் வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது. முதல் ஐந்து ஏடுகளில் படிவத்தைப் பரீட்சித்துத் திருத்துங்கள். இரண்டு வாரம் கழித்துப் பத்து ஏடுகளை, முன்னைய குறிப்பைப் பாராமல், மறுபடி நிரப்புங்கள். இரண்டு மூன்று ஏடுகளில் விடை மாறினால் பிழை பெரும்பாலும் காரணங்களுக்கு எழுதிய வரைவிலக்கணத்தில்தான்.

மொழியிலும் கவனம் வேண்டும். வடக்கு, கிழக்கில் நீதிமன்றப் பதிவுமொழி தமிழ். ஆனால் பொலிஸார் எடுத்த வாக்குமூலம் பல வேளை சிங்களத்தில் இருக்கும். சிங்களம் தெரிந்த நண்பரிடம் படத்தை அனுப்பி வாசிப்பிப்பது அனுமதி மீறல். நேர்காணலில் வேறு சிக்கல். "விளக்கம் எப்ப நடந்தது?" என்று கேட்டால், "ஐயா எல்லாம் விளக்கமாச் சொன்னவர்" என்று பதில் வரும். வழக்காடும் நாளைத்தான் கேட்கிறோம் என்பது நீதிமன்றத்துக்கு வெளியே இருப்பவருக்குத் தெரியாது. "சாட்சி சொல்ல எத்தனை தரம் வந்தீங்க?" என்று கேளுங்கள்.

நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவர் தன் மேற்பார்வையில் உள்ளவரையே நேர்காணக் கூடாது. மாதாமாதம் தன்னைப் பற்றி அறிக்கை எழுதுபவரிடம் "மாட்டேன்" என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? சம்மதத்தை வேறொருவர் கேட்கட்டும். இன்னும் பிடிபடாத குற்றத்தை நேர்காணப்படுபவர் சொன்னால் எதை இரகசியமாக வைக்க முடியாது என்பதையும் பேச்சுத் தொடங்குமுன்பே சொல்லிவிட வேண்டும்.

பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவதில்லை. "வெருகலில் ஓர் ஆசிரியை" என்றால் ஊருக்கே தெரியும். கிராமத்துக்குப் பதிலாக மாவட்டம், தொழிலுக்குப் பதிலாக "அரச ஊழியர்" என்று எழுதுங்கள்; அட்டவணையில் ஐந்துக்குக் குறைந்த எண்ணிக்கை உள்ள கட்டங்களை ஒன்றாக்குங்கள். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை இனங்காட்டும் விடயத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி தானே ஒரு குற்றம். அவ்வகை ஏடுகளை மாணவ ஆய்வில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

வழக்கிலக்கத்தையும் ஆய்விலக்கத்தையும் இணைக்கும் தாள் மடிகணினியில் இருக்கக் கூடாது. ஒரே பிரதியாகப் பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும். பெறுபேறு வந்தபின், விண்ணப்பத்தில் குறித்த திகதியில் அதை அழித்து, அழித்ததைப் பதிவாளருக்குக் கடிதம் மூலம் அறிவியுங்கள். அந்தக் கடிதத்தோடு, அழைப்பாணைகள் எங்கே நின்றுபோயின என்ற ஒரு பக்க அட்டவணையும் தமிழில் போகட்டும்.